கார்டு, யுபிஐ, ‘எல்லாச் சேனலும் வரும்’ பெட்டி: வீரவநல்லூர்த் தம்பிக்கு ஒரு பதில்

வீரவநல்லூரில் சின்னதாக ஒரு ஜவுளிக்கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர் நான்கு கேள்விகளை ஒரே மூச்சில் கேட்டிருக்கிறார். யுபிஐ இருக்கும்போது கார்டு எதற்கு, அதிலும் வாரம் ஒருமுறை போனில் கூப்பிட்டுத் தருகிறோம் என்கிற கிரெடிட் கார்டை வாங்கலாமா? எல்லாச் சேனலும் எல்லாப் புதுப்படமும் வரும் என்று 3,000 ரூபாய்க்கு ஒரு டிவி பெட்டி விற்கிறார்கள், வாங்கினால் என்ன? கடைக் கணினியில் பில் போடும் மென்பொருள் கிராக் செய்தது, அதாவது காசு கொடுக்காமல் பூட்டை உடைத்துப் போட்டது, அது அவ்வளவு பெரிய தப்பா? கடைசியாக, கையில் ரொக்கம் வைத்திருப்பது இனிமேல் பழைய பஞ்சாங்கமா?

நான் முப்பத்தொரு வருடம் வங்கியில் வேலை பார்த்தவன். கடைசி ஆறு வருடம் பாளையங்கோட்டையில் கார்டு, ஏடிஎம் புகார்களை வாங்குகிற மேசை. ஓய்வு பெற்ற பிறகு சாயங்காலங்களில் திருநெல்வேலி ஜங்ஷனில் என் சேக்காளி நடத்தும் செல்போன் ரிப்பேர் கடையில் போய் உட்கார்ந்துகொள்வேன். அங்கேயும் புகார்தான், முகங்கள் மட்டும் வேறு. இந்த நான்கு கேள்விகளையும் நான் ஒரே கேள்வியை வைத்துத்தான் பார்ப்பேன்: நாளைக்கு ஏதாவது கோளாறானால் யாரிடம் போய் நிற்பது? வசதி, பாயின்ட், கேஷ்பேக் எல்லாம் அதற்கு அப்புறம்.

முதலில் கார்டு. டெபிட் கார்டும் யுபிஐயும் உங்கள் துட்டை உங்கள் கணக்கிலிருந்தே எடுக்கின்றன. கிரெடிட் கார்டு வங்கியின் துட்டை எடுக்கிறது, நீங்கள் பிறகு கட்டுகிறீர்கள். எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனால் வம்பு வரும்போதுதான் வித்தியாசம் உறைக்கும். நீங்கள் செய்யாத செலவு ஒன்று கிரெடிட் கார்டு பில்லில் வந்தால், தகராறு என்று எழுதிக் கொடுத்துவிட்டு விசாரணை முடியக் காத்திருக்கலாம். வீட்டுச் செலவுக்கு வைத்திருந்த பணம் கணக்கில் அப்படியே கிடக்கும். டெபிட் கார்டில் பணம் முதலில் போய்விடும், அதைத் திரும்ப வாங்க நீங்கள் நடக்க வேண்டும். யுபிஐயில் நீங்களே பின் போட்டு ஏமாற்றுக்காரனுக்கு அனுப்பிவிட்டால், அது ஒரு கணக்கில் விழுந்து, அங்கிருந்து இன்னொன்றுக்குத் தாவி, எந்த ஊர் ஏடிஎம்மிலோ ரொக்கமாக வெளியே வந்துவிடும். அதனால்தான் உடனே சைபர் குற்றப் புகார் எண்ணான 1930-க்குக் கூப்பிடச் சொல்கிறார்கள். மச்சானிடம் யோசனை கேட்டு, மேனேஜரைப் பார்த்து, மறுநாள் காலையில் கூப்பிட்டால் அந்தக் கணக்கில் முடக்குவதற்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது.

2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது. என் மேசைக்கு வந்தவர்களில் அநேகம் பேருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. உங்கள் தப்பும் இல்லாமல், வங்கியின் தப்பும் இல்லாமல், நடுவில் எங்கோ ஓட்டை விழுந்து பணம் போயிருந்தால், தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் வங்கிக்குச் சொல்லிவிட்டால் உங்களுக்கு ஒரு பைசா நட்டம் கிடையாது. நான்கிலிருந்து ஏழு வேலை நாள் ஆகிவிட்டால், சாதாரண சேமிப்புக் கணக்கில் அதிகபட்சம் 10,000 ரூபாய் வரை உங்கள் தலையில். அதையும் தாண்டினால் அந்தந்த வங்கியின் கொள்கைப்படி. புகார் கொடுத்த பத்து வேலை நாளுக்குள் பணத்தைத் தற்காலிகமாகவாவது வரவு வைக்க வேண்டும். தப்பு வாடிக்கையாளருடையது என்றால் அதை நிரூபிக்க வேண்டியதும் வங்கிதான். ஆனால் ஓடிபியை நீங்களே வாயால் சொல்லியிருந்தால், புகார் கொடுக்கும் நிமிடம் வரை போனதெல்லாம் உங்கள் நட்டம். ஆகவே எழுத்தில் கொடுத்துப் புகார் எண் வாங்குங்கள். “கவுன்டர்ல சொல்லிட்டுத்தான் சார் போனேன்” என்பது எந்தப் பதிவேட்டிலும் ஏறாது.

என் அத்தான் கதையைச் சொல்கிறேன். அம்பாசமுத்திரத்தில் ஒரு ஏடிஎம்மில் 5,000 எடுக்கப் போனார். மெஷின் கரகரவென்று சத்தம் போட்டது, பணம் வரவில்லை, எஸ்எம்எஸ் மட்டும் வந்தது. எந்த வங்கி என்பது வேண்டாம். இப்படி ஆனால் ஐந்து நாளுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும், தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் சேர்த்துத் தர வேண்டும், அதையும் வாடிக்கையாளர் கேட்காமலே தர வேண்டும். 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி போட்ட விதி இது. அத்தானுக்குப் பன்னிரண்டாம் நாள் பணம் வந்தது, 5,000 மட்டும். “வந்துட்டுல்லா மாப்ளே, விடும்” என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை. மற்றவர்களின் புகாரை ஆறு வருடம் வாங்கிய கைக்குச் சொந்தமாக ஒன்று எழுத ஆசையாகவும் இருந்தது. ஏழு நாள் தாமதம், 700 ரூபாய், விதி இன்னது என்று அரைப் பக்கம் எழுதிக் கொடுத்தோம். அடுத்த வாரம் 700 ஏறியது. எனக்குக் கால் கிலோ அல்வா வந்தது. அப்படியும் தராமல் இழுத்தடித்தால், வங்கிக்குக் கொடுத்து 30 நாள் ஆனதும் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். இதற்கு வக்கீல் தேவையில்லை, செலவும் இல்லை.

சரி, கிரெடிட் கார்டு வாங்கலாமா? மாதாமாதம் முழு பில்லையும் கட்டுகிற ஆள் என்றால் வாங்குங்கள். இல்லையென்றால் வேண்டாம். பில்லில் ‘குறைந்தபட்சத் தொகை’ என்று ஒரு வரி இருக்கும். 20,000 ரூபாய் பில்லுக்கு 1,000 கட்டினால் போதும் என்று அது நைசாகச் சொல்லும். வட்டி மாதம் மூன்றரை சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள், பல கார்டுகளில் அதையொட்டித்தான் இருக்கிறது. 20,000-க்கு ஒரு மாத வட்டி 700. அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 126. நீங்கள் கட்டிய 1,000-ல் 826 அங்கேயே கரைந்துவிட்டது, அசலில் குறைந்தது 174 ரூபாய். நம் ஊர்க் கணக்கில் இதற்குப் பெயர் மூன்றரை வட்டி. மூன்று வட்டிக்குக் கொடுக்கிற ஆளைப் பற்றித் தெருவே பேசுகிறது. அதையே பளபளவென்ற உறையில் போட்டுக் கூரியரில் அனுப்பினால் வாங்கி பீரோவில் வைக்கிறோம். பாக்கி நிற்கும் வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும் என்பது அடுத்த வெட்டு. 45 நாள் வட்டியில்லை என்பதெல்லாம் முழுசாகக் கட்டியவருக்கு மட்டும். கிரெடிட் கார்டை ஏடிஎம்மில் சொருகி ரொக்கம் எடுக்கவே எடுக்காதீர்கள், முதல் நாளிலிருந்து வட்டி, மேலே கட்டணம் வேறு. அவசரம் என்றால் வங்கியில் நகையை வையுங்கள், வட்டி இதில் பாதிகூட வராது.

வட்டியில்லாத் தவணை என்று செல்போன் கடைகளில் எழுதிப் போட்டிருப்பதையும் நம்ப வேண்டாம். வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கியே 2013-ல் சொல்லிவிட்டது. ரொக்கமாக வாங்கினால் கிடைக்கும் தள்ளுபடி தவணையில் கிடைக்காது, அதுதான் வட்டி. வட்டியைத் தள்ளுபடியாகக் காட்டினாலும் அதற்கு உண்டான ஜிஎஸ்டி உங்கள் பில்லில்தான் ஏறும். ரொக்க விலை எவ்வளவு என்று முதலில் கேளுங்கள். அப்புறம் தவணை.

கார்டு வந்ததும் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. 2020-லிருந்து வருகிற புதுக் கார்டுகளில் இணையத்தில் வாங்குவது, வெளிநாட்டுப் பரிமாற்றம், தொட்டாலே பணம் போகும் வசதி மூன்றும் அணைத்துத்தான் வர வேண்டும். வேண்டியதை நாம்தான் செயலியில் போய்ப் போட்டுக்கொள்ள வேண்டும். ஏற்கெனவே எல்லாம் போட்டுக் கிடந்தால் வெளிநாட்டை அணையுங்கள். தொடுகிற வசதியில் 5,000 ரூபாய் வரை பின் கேட்காது. அது வேண்டாமென்றால் அதையும் அணைக்கலாம், இல்லை அளவையாவது குறைக்கலாம். என் வீட்டுக்காரி கார்டில் அது 500. திருச்செந்தூர் கூட்டத்தில் பையைத் தொலைத்தவள் அவள், அதனால் அந்தக் கணக்கு.

உங்கள் கடைக்கு வருவோம். கல்லாவில் கியூஆர் அட்டை இருக்கட்டும். யுபிஐக்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் 2020 ஜனவரியிலிருந்து வியாபாரியிடம் கட்டணம் பிடிப்பதில்லை. வாடிக்கையாளர் காட்டும் பச்சை டிக் படத்தை நம்பி மூட்டையைக் கட்டிக் கொடுக்காதீர்கள், அந்தப் படத்தை அப்படியே போலியாகக் காட்டும் செயலிகள் உண்டு. பணம் வந்ததும் தொகையை வாய்விட்டுச் சொல்கிற பெட்டி வாடகைக்குக் கிடைக்கிறது, அது சொன்னால்தான் பணம் வந்தது. காலையில் கடை திறந்ததும் அட்டையின் மேல் வேறு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா என்று நகத்தால் ஒருமுறை கீறிப் பாருங்கள். உங்களுக்குப் பணம் வர வேண்டுமென்றால் பின் நம்பர் போடுங்கள் என்று யாராவது சொன்னால் அது மோசடி. பணம் வாங்க பின் நம்பர் தேவையே இல்லை.

இதைவிட முக்கியமாக, கடைக்கு வரும் யுபிஐ பணத்துக்குத் தனிக் கணக்கு வையுங்கள். காரணம் இருக்கிறது. எங்கோ வடநாட்டில் ஒருவரை ஏமாற்றிய பணம் கைமாறிக் கைமாறி, ஒருவன் உங்கள் கடையில் இரண்டு வேட்டி வாங்கியதன் மூலம் உங்களிடம் வந்திருக்கும். அங்குள்ள போலீஸ் பணம் போன தடத்தைப் பிடித்துக்கொண்டு வந்து அந்தத் தொகையை முடக்கச் சொல்லும், சில சமயம் கணக்கையே முடக்கிவிடுவார்கள். பிள்ளையின் பள்ளிக்கட்டணமும் கடைக் கொள்முதலும் ஒரே கணக்கில் இருந்தால் எல்லாம் சேர்ந்து நிற்கும். என் மேசையில் இப்படி நின்று கண் கலங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். பில் வைத்திருந்தவர்கள் சீக்கிரம் வெளியே வந்தார்கள்.

இனி அந்தப் பெட்டி. நான் யோக்கியன் வேடம் போட மாட்டேன். எங்கள் ஊர்க் கோயில் கொடைத் திருவிழா முடிந்த மறுநாள் ராத்திரி டிவியும் வீடியோ டெக்கும் வாடகைக்கு எடுத்து விடிய விடிய நாலு படம் போடுவார்கள். அந்தக் கேசட் நியாயமாக வந்ததா என்று ஒருத்தரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. பிறகு பிளாட்பாரத்தில் சிடி வந்தது. கதாநாயகன் வசனம் பேசும்போது முன்வரிசைக்காரர் எழுந்து பாத்ரூம் போவது திரையில் தெரியும், அதையும் பார்த்துச் சிரித்திருக்கிறோம். தமிழ்நாட்டில் 2004-ல் திருட்டு வீடியோவைக் குண்டர் சட்டத்திலேயே சேர்த்தார்கள். தியேட்டரில் படம் பிடிப்பவருக்கு 2023 திருத்தத்தின்படி மூன்று மாதத்திலிருந்து மூன்று வருடம் வரை ஜெயில், அபராதம் குறைந்தது மூன்று லட்சம். ஆனால் வீட்டில் சாரத்தைக் கட்டிக்கொண்டு பார்க்கிறவரைத் தேடி யாரும் வருவதில்லை என்பது உங்களுக்கும் தெரியும், அதனால் அந்தப் பூச்சாண்டியை நான் காட்டப் போவதில்லை.

ஜங்ஷன் கடையில் உட்கார்ந்து நான் பார்த்ததைச் சொல்கிறேன். பெட்டி வாங்கியவர் ஒரு வருடச் சந்தாவை முன்னதாகவே யாரோ ஒருவரின் சொந்த எண்ணுக்கு யுபிஐயில் அனுப்பியிருப்பார். மூன்றாம் மாதம் சேனல் எல்லாம் கறுப்பாகிவிடும், அந்த எண் எடுக்காது. இப்போது அவர் எங்கே போவார்? திருட்டுப் படம் ஒழுங்காக வரவில்லை என்று நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியுமா? திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவும் முடியாது. சேக்காளியிடம் வந்து “இத எப்படியாவது ஓட வைக்க முடியுமா அண்ணாச்சி” என்று குரலைத் தாழ்த்திக் கேட்டுவிட்டுப் போவார்கள்.

அதுகூடப் பரவாயில்லை, போனது சந்தாப் பணம் மட்டும். பெட்டிக்குள் என்ன உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் என் கவலை. 2023 தொடக்கத்தில் டி95 என்ற பெயரில் விற்ற மலிவு ஆண்ட்ராய்டு பெட்டியில் உறை பிரிக்கும்போதே வைரஸ் இருந்தது தெரிய வந்தது. 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐ இப்படிப்பட்ட பெட்டிகளைப் பற்றிப் பொது எச்சரிக்கையே விட்டது: வீட்டு வைஃபைக்குள் புகுந்து, நம் இணைப்பை வேறு யாரோ தவறான காரியத்துக்குப் பயன்படுத்த வழி செய்கின்றன என்று. அந்த வைஃபையில்தான் உங்கள் கடை போனும் இருக்கிறது.

புதுப்படம் இலவசம் என்று வாட்ஸ்அப்பில் வரும் செயலி அதைவிட நேரடி. கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதம் என்றெல்லாம் பெயர் வைத்து வரும் ஏபிகே கோப்பும், அதாவது அழுத்தினால் போனில் செயலியாக ஏறிக்கொள்ளும் கோப்பும், இதே வகைதான். பிளே ஸ்டோருக்கு வெளியே இருந்து இறக்கினதும் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும், நாம் சரி சரி என்று அழுத்திக்கொண்டே போவோம். அதற்குப் பிறகு வருகிற ஓடிபி அவனுக்கும் போகும். நீங்கள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை, ஆனாலும் பணம் போயிருக்கும். மேலே சொன்ன 2017 விதிப்படி இது உங்கள் கவனக்குறைவா இல்லையா என்று வங்கி வாதாட ஆரம்பிக்கும், அந்த வாதத்தில் ‘இலவசப் படச் செயலி’ உங்கள் பக்கம் நிற்காது. கார்டையும் திருட்டுப் படத்தையும் நீங்கள் தனித்தனிக் கேள்வியாகக் கேட்டீர்கள். ரிப்பேர் மேசையில் இரண்டும் ஒரே போனில் வந்து இறங்குகின்றன.

படம் பார்க்க என்ன வழி என்றால், தியேட்டரில் பார்க்க வேண்டியதை அங்கே பாருங்கள், மற்றது சில வாரத்தில் ஓடிடியில் வந்துவிடும். எல்லா ஓடிடிக்கும் ஒரே நேரத்தில் சந்தா கட்டுவது கோட்டித்தனம். ஒரு மாதம் ஒன்று, அடுத்த மாதம் வேறு என்று மாற்றிக்கொள்ளுங்கள். தானாகப் பணம் எடுக்கும் அனுமதி கொடுத்திருந்தால் 24 மணி நேரத்துக்கு முன்பே தகவல் வர வேண்டும், அந்தத் தகவலிலிருந்தே நிறுத்தவும் முடியும். படிக்காமல் தள்ளிவிடாதீர்கள்.

கிராக் மென்பொருளுக்கு வருகிறேன். பெரிய தப்பா என்று கேட்டீர்கள். 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் தப்புத்தான். ஆனால் நம் பக்கத்து அச்சுக்கடைகள், ஸ்டுடியோக்கள் எத்தனை இப்படி ஓடுகின்றன என்று எண்ண ஆரம்பித்தால் கை விரல் போதாது. ஒரு மென்பொருளின் வருடக் கட்டணம் கடைப்பையனின் ஒரு மாதச் சம்பளம் என்றால் மனிதன் என்ன செய்வான் என்கிற கேள்வியும் நியாயமானதே. படம் வரைவதற்கு, கல்யாண ஆல்பத்துக்கு என்றால் நான் வாயைத் திறக்க மாட்டேன்.

பில் போடுவது வேறு. உங்கள் கொள்முதல், யார் யாருக்கு எவ்வளவு கடன், ஜிஎஸ்டி கணக்கு எல்லாம் அதற்குள் இருக்கிறது. கிராக் செய்து கொடுத்தவன் அதில் வேறென்ன சேர்த்தான் என்று உங்களுக்குத் தெரியாது. அப்டேட் போட்டால் கிராக் போய்விடும் என்று அப்டேட்டையும் நிறுத்தி வைத்திருப்பீர்கள், ஓட்டை அடைபடாமலே கிடக்கும். எனக்குத் தெரிந்த ஒரு பிளெக்ஸ் கடையில் ஒரு காலையில் எல்லாக் கோப்பும் பூட்டிக் கிடந்தது, திறக்கக் காசு கேட்டு ஆங்கிலத்தில் ஒரு கடிதம். மென்பொருள் கம்பெனியைக் கூப்பிட முடியாது, வாங்கியதே இல்லையே. பத்து வருடத்து வடிவமைப்பு போயிற்று. ஆகவே பில்லுக்கு மட்டுமாவது காசு கொடுத்து வாங்குங்கள், போன் செய்தால் எடுக்க ஒரு ஆள் இருக்கிறாரா என்று பார்த்து வாங்குங்கள். கடிதம், கணக்குத் தாளுக்கு லிப்ரே ஆபிஸ் இலவசம், திருட வேண்டியதே இல்லை. கணினியில் இன்னும் விண்டோஸ் 10 இருந்தால் அதன் பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது, அதையும் கவனியுங்கள். வாரம் ஒருமுறை கணக்கை ஒரு பென்டிரைவில் எடுத்து வீட்டில் வையுங்கள். கடையிலேயே வைக்காதீர்கள்.

கடைசிக் கேள்வி, ரொக்கம். 2023 டிசம்பர் 17, 18-ல் நடந்தது உங்களுக்கும் மறந்திருக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது, தாமிரபரணி கரை தாண்டி வந்தது. வண்ணார்பேட்டையில் எங்கள் தெருவில் கரன்ட் இல்லை, போனில் சிக்னல் இல்லை, ஏடிஎம்முக்குள் தண்ணீர். என் பையில் மூன்று கார்டும், போனில் இரண்டு யுபிஐ செயலியும், கையில் 70 ரூபாயும் இருந்தன. ஒரு காலத்தில் ஊருக்கே கார்டு கொடுத்துக்கொண்டிருந்தவன் நிலைமை இது. பால், மெழுகுவர்த்தி, அரிசி எல்லாம் முக்குக்கடை அண்ணாச்சி நோட்டில் எழுதிக்கொண்டு தந்தார். “எங்கன போயிரப் போறீரு, பைய தாரும்” என்றார்.

அதிலிருந்து வீட்டில் 3,000 ரூபாய் சில்லறை நோட்டாக ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் கிடக்கிறது, நீங்களும் கடையில் வைத்துக்கொள்ளுங்கள். சிக்னல் வந்து கடையும் காய்ந்த பிறகு அண்ணாச்சியிடம் போனேன். நோட்டில் என் பெயரில் 640 இருந்தது. டப்பாவை எடுக்க மறந்து போயிருந்தேன். கியூஆர் அட்டையைத்தான் நீட்டினார்.